மூன்றாம் இடத்து மடையான்கள்

ஜனவரி 3, சனி

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். படிக்க வேண்டுமென்றால் படித்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அத்தையிடம் கொடுக்க வேண்டாம். மாமாவிடம் கொடுக்கவே வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடமும் ஒரு டைரி எழுதினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்ததை அத்தை எடுத்து மாமாவிடம் கொடுத்துவிட்டார். மாமாவுக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. அதனால் என்னையே படிக்கச் சொன்னார். மீன் வாங்க வந்த நாலு பேர் முன்னால் நின்று படித்தேன். பதினோரு பக்கம். முடித்ததும் என்னையே அடுப்பில் போடச் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுவதில்லை.

என் பெயர் அழகுமீனா. ஒன்பதாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். நான் இரண்டு வருடமாக நாவல்கரையில் மாமா வீட்டில் இருக்கிறேன். மாமா பெயர் பூமிநாதன். ஊர்க் கண்மாயில் குத்தகைக்காரரின் மீனுக்குக் காவல் இருக்கிறார். நெல் மூட்டை அடுக்கிய அறையில்தான் நான் படுப்பது. இந்த நோட்டு கடைசி மூட்டைக்குக் கீழே இருக்கும்.

நாளை காலை பள்ளிக்கூடத்திலிருந்து நீர்ப்பறவை எண்ணப் போகிறோம். நாலு ஞாயிற்றுக்கிழமை. மாமா போகக் கூடாது என்று சொல்லவில்லை.

இன்று செய்தவை: தண்ணீர் பத்துக் குடம். பாவாடைக்கு ஓரம் தைத்தேன். சாயங்காலம் மாமா ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார். யூனிஃபார்ம் தைத்த பச்சை நூல்தான் இருந்தது. அதையே கோத்துக் கொடுத்தேன். சின்ன ஊசியாக வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

காலை 6.30 முதல் 8.45 வரை. பனி. காற்று இல்லை.

மொத்தம் பத்துப் பேர். இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்குச் சோடி ஜன்னத். எங்களுக்குக் கரையில் நாலு இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, ஒருத்தி பைனாகுலரில் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவள் எழுத வேண்டும். சொல்பவள் குனிந்து தாளைப் பார்க்கக் கூடாது. எழுதுபவள் நிமிர்ந்து தண்ணீரைப் பார்க்கக் கூடாது. நான் சொல்பவள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ரெஜினா அக்கா. மானாமதுரையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடுமுறை நாளில் ஸ்கூட்டியில் கண்மாய் கண்மாயாகப் போய்ப் பறவை எண்ணுகிறார். சம்பளம் உண்டா என்று ஜன்னத் கேட்டாள். "பெட்ரோலே என் காசுதான்" என்றார். "அப்ப எதுக்குக்கா?" என்றாள் ஜன்னத். "நீ எதுக்கு வந்த?" "வீட்ல இருந்தா பாத்திரம் கழுவச் சொல்லுவாங்க." அக்கா சிரித்துவிட்டு, "எனக்கும் அதேதான்" என்றார்.

விதிகள் இருக்கின்றன. ஒரு பறவையும் இல்லாவிட்டால் காலியாக விடக் கூடாது, பூஜ்யம் போட வேண்டும். ரப்பர் கொண்டுவரக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. கிறுக்கக் கூடாது, முதலில் எழுதியது கோட்டுக்கு அடியில் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், ஏன் அடித்தோம் என்ற காரணம், இரண்டு பேர் கையெழுத்து.

இட வாரியாக எழுதிய தாள்கள் எங்களிடமே ஃபைலில் இருக்கும். அக்கா தாளில் முத்திரை குத்திவிட்டு, மொத்த எண்ணை மட்டும் தன் போனில் ஏற்றிக்கொள்கிறார். தாள்களைக் கடைசி வாரம் கொடுக்க வேண்டும்.

எங்கள் பங்கு: நாமக்கோழி 212. முக்குளிப்பான் 38. புள்ளிமூக்கு வாத்து 16. நெடுங்கால் உள்ளான் 57. அரிவாள் மூக்கன் 9. மடையான் 14. சங்குவளை நாரை 0.

மூன்றாம் இடத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு திட்டு தெரியும். அதில் மூன்று மடையான்கள், ஊரில் குருட்டுக் கொக்கு என்பார்களே அவை, தள்ளித் தள்ளி நின்றன. மற்றவை பறந்து போனபோதும் அவை நின்றன. ஜன்னத் விதியை மீறி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நடுவுல நிக்கிறது ஹெட்மாஸ்டர்டி. பிரேயர்ல நிக்கிற மாதிரியே நிக்கிது பாரு" என்றாள்.

மூன்றாம் இடம், மடையான் 3 என்று எழுதினாள்.

ஜனவரி 5, திங்கள்

காலையில் மாமா கேட்டார்: எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எந்தப் பக்கம் நிற்கிறீர்கள், தண்ணீருக்குள் இறங்குவீர்களா. இறங்க மாட்டோம், கரையில்தான் என்றேன். "நல்லது. பாம்பு கெடக்கும்" என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

கணக்குத் தேர்வு. 50க்கு 31. ஊசி கோத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

6.35 முதல் 8.40 வரை. மேகம் பாதி வானம்.

நாமக்கோழி 190. முக்குளிப்பான் 41. புள்ளிமூக்கு வாத்து 11. நெடுங்கால் உள்ளான் 60. மடையான் 9. சங்குவளை நாரை 2. நாரையைப் பார்த்ததும் கத்திவிட்டேன். அது பறக்கவில்லை, ஜன்னத்துதான் பயந்து பேனாவைத் தண்ணீரில் போட்டாள்.

மூன்றாம் இடத்தில் மடையான் 3. அதே திட்டு. ஜன்னத் மற்ற இரண்டுக்கும் பெயர் வைத்தாள். வலது பக்கம் நிற்பது பி.டி. சார், இடது பக்கம் வாட்ச்மேன். "வாட்ச்மேனுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல போலடி, சாஞ்சு நிக்கிறாரு" என்றாள். நான் பைனாகுலரில் பார்த்தேன். சாய்ந்துதான் நின்றது. போன வாரம் நின்றதைவிடச் சின்னதாகத் தெரிந்தது. தூரம் அதிகம், சரியாகச் சொல்ல முடியாது.

பார்த்ததைத்தான் சொன்னேன். மூன்று.

ஜனவரி 13, செவ்வாய்

வாத்து மேய்ப்பவர்கள் வந்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம். கணவன் ஏழுமலை, மனைவி அஞ்சலை. எழுநூறு வாத்துகள். லாரியில் கொண்டுவந்து மடைப்பக்கம் இறக்கினார்கள். இறங்கியதும் எல்லா வாத்தும் ஒரே நேரத்தில் பேசின. பள்ளிக்கூடத்தில் இடைவேளை விட்ட மாதிரி இருந்தது.

எங்கே கொட்டகை போடுவது என்று அவர்கள் கேட்டதற்கு மாமா கருவேல மரங்கள் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். அங்கே ஈரமாக இருக்கும். மேட்டில் நல்ல இடம் இருந்தது.

அஞ்சலை அக்கா போனுக்குச் சார்ஜ் போட வீட்டுக்கு வந்தார். "பாப்பா, இந்தா" என்று இரண்டு முட்டை கொடுத்தார். நான் கையில் பைனாகுலர் வைத்திருந்ததைப் பார்த்து, "இன்னாத்துக்கு அது?" என்றார். பறவை எண்ணுவதைச் சொன்னேன். "நானும் தெனம் எண்றேன். எழுநூறு. ராவுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் தூக்கம் வராது" என்றார். எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். கொட்டகைக்குள் விடும்போது ஐந்து ஐந்தாகக் காலுக்கு இடையே விடுவாராம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மா போன் செய்தார். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். மாமா பக்கத்தில் நின்றார்.

ஜனவரி 17, சனி

இன்று கறி. கோழி என்றார் அத்தை. எலும்பு மிகவும் சிறியது. மாமா சைக்கிளில் ஒரு சாக்குப் பையை வைத்து நால்வழிச்சாலை ஓட்டல் பக்கம் போனார். நான் சோறு மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பார்.

ஜனவரி 18, ஞாயிறு

6.30க்குத் தொடங்கினோம். முடித்த நேரம் எழுதவில்லை.

கண்மாயில் தண்ணீர் வற்றியிருந்தது. திட்டுக்குப் போக வழி தெரிந்தது. ரெஜினா அக்கா எங்கள் மூன்றாம் இடத்துக்கு வந்து, "உங்க ஹெட்மாஸ்டரைக் கிட்டப் போய்ப் பாக்கலாமா?" என்றார். ஜன்னத் சொல்லியிருக்கிறாள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். நான் பாம்பு இருக்கும் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

இருபதடி வரை போனோம். அவை பறக்கவில்லை. அக்கா நின்றுவிட்டார். ஜன்னத் கைதட்டினாள். மூன்றும் தலையைத் திருப்பின, ஆனால் எங்கள் பக்கம் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம்.

"தட்டாத" என்றார் அக்கா.

கால்களில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை ஒரு குச்சியில். சுற்றிலும் சேற்றில் சின்னச் சின்னக் கண்ணிகள் நட்டிருந்தன. மேலே பறக்கிற கொக்குகள் இங்கே கூட்டம் நிற்கிறது என்று நம்பி இறங்கும், இறங்கினால் காலில் கண்ணி மாட்டும் என்று அக்கா சொன்னார். அப்புறம் ஒன்றைத் துண்டில் பொதிந்து தூக்கினார். கண் இருக்கும் இடத்தில் மூடிய இமை இருந்தது. இமை தைத்திருந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று தையல்.

நூல் பச்சை நிறம். பாட்டில் பச்சை.

அக்கா பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். தினமும் ஊசி குத்துகிற கை, கத்தரி இமையில் படவே இல்லை. ஆனால் அழுதுகொண்டே வெட்டினார். ஹெட்மாஸ்டரின் ஒரு கண் திறந்தது. மஞ்சள். இன்னொன்று திறக்கவில்லை.

பிறகு அக்கா போன் செய்தார். வனக்காவலர் ஒருவர் வந்தார். ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர், "பேரே குருட்டுக் கொக்குதான, அதுக்குக் கண்ணு இருந்தா என்ன இல்லாட்டி என்ன" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். வனக்காவலர் யார் இதைச் செய்தது என்று கேட்டார். எல்லோரும் திட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையைப் பார்த்தார்கள். யாரோ, "வெளியூர்க்காரன் வந்தாலே இதான்" என்றார். மாமா கூட்டத்தின் கடைசியில் நின்றார். அவர் கொட்டகையைப் பார்க்கக்கூட இல்லை.

ஏழுமலை அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் கையில் வாத்து ஓட்டுகிற கோல் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஜீப் வரைக்கும் கொண்டுபோய் மறுபடி அஞ்சலை அக்காவிடம் கொடுத்தார்.

ரெஜினா அக்கா தாளில் திருத்தச் சொன்னார். "தானா வந்த பறவைதான் கணக்கு. இது கட்டிப் போட்டது. அடிச்சிட்டுக் காரணம் எழுதுங்க." ஜன்னத் 3 மேல் ஒரு கோடு போட்டு, 0 என்று எழுதி, காரணம்: கட்டப்பட்டவை, கண் தைக்கப்பட்டவை என்று எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

திரும்பும்போது ஜன்னத் கேட்டாள்: "அப்ப மொத ரெண்டு வாரத்தையும் அடிக்கணுமாடி? ஹெட்மாஸ்டர் மொத வாரத்துலயே இருந்தாருல்ல. வாத்துக்காரங்க பொங்கலுக்குத்தானே வந்தாங்க?"

"அது வேற மடையானா இருக்கும்" என்றேன்.

"அதே எடத்துலயா?"

"மடையான் எல்லாம் ஒரே மாதிரிதான் நிக்கும்."

"அப்படியா" என்றாள். அவள் என்னை நம்புவாள். ஏழாம் வகுப்பிலிருந்து நம்புகிறாள்.

ஜனவரி 19, திங்கள்

தையல் டப்பாவில் பச்சை நூல்கண்டு இல்லை. சாப்பிடும்போது மாமா கேட்டார்.

"நம்ம வீட்ல பச்சை நூல் இருக்காத்தா?"

"இல்ல மாமா."

"இருந்துச்சா?"

"இல்ல மாமா."

"நல்ல பிள்ளை" என்று சொல்லி என் தட்டில் ஒரு துண்டு மீன் வைத்தார். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

என் பாவாடை ஓரத்தில் அந்த நூல் இருக்கிறது. இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு ஊக்கு குத்திப் போக வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

ஏழுமலை அண்ணனை இன்னும் விடவில்லை. அஞ்சலை அக்கா தனியாக எழுநூறையும் ஓட்டுகிறார். ஒரு பக்கம் மடக்கினால் இன்னொரு பக்கம் போகிறது. யாரோ அவருடைய கொட்டகைக் கயிற்றை அறுத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. பெரியவர்களும் வரலாம் என்றார்கள். மாமாவும் வந்தார். கண்ணாடி ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமாம்.

ஜனவரி 21, புதன்

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். முதல் தாள்: தேதி 4. மூன்றாம் இடம், மடையான் 3. இரண்டாம் தாள்: தேதி 11. மூன்றாம் இடம், மடையான் 3. இரண்டிலும் ரெஜினா அக்காவின் முத்திரை இருக்கிறது. வாத்துகள் வந்தது 13.

இந்த இரண்டு தாளையும் இந்த நோட்டையும் தவிர வேறு எங்கும் இது எழுதப்படவில்லை. அக்காவின் போனில் மொத்தம் மட்டும்தான் இருக்கிறது. அதில் எந்த இடம் என்று தெரியாது.

மழை வரும் போல் இருந்தது. வரவில்லை.

ஜனவரி 22, வியாழன்

அஞ்சலை அக்கா சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார். மாமா வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்கதான் எங்களுக்கு எடம் காட்டனீங்க. நாங்க எப்ப வந்தோம்னு உங்களுக்குத் தெரியும். ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. அந்தக் கொக்குங்க ரெண்டு மூணு வாரமா கட்டிக் கெடந்துதுன்னு அவங்களே பேசிக்கறாங்க. நாங்க வந்து பத்து நாளு கூட ஆவல."

"நான் எப்படிம்மா சொல்றது? தேதியெல்லாம் நான் குறிச்சா வச்சிருக்கேன்?"

"பொங்கலுக்கு மொத ரெண்டு நாளு..."

"இருக்கலாம். அதுக்கு முன்னாடியே வந்து பாத்துட்டுப் போயிருக்கலாம். நான் பொய் சொல்ல முடியுமா?"

நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். "பாப்பா, நீதான எண்ணிக்கினு இருந்த" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாமா என்னைப் பார்க்கவில்லை. அவர் கை வலையில் நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

காபி ஆறிவிட்டது. மறுபடி சுட வைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

மாமா ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை. என்னிடம் கொடுத்து, "படி" என்றார்.

படித்தேன். முதல் தாள் முழுவதும். முதல் இடம், நாமக்கோழி 80, முக்குளிப்பான் 12. இரண்டாம் இடம். மூன்றாம் இடத்தை விட்டுவிட்டு நாலாம் இடத்துக்குப் போகலாமா என்று நினைத்தேன். அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "மூன்றாம் இடம், மடையான் 3" என்று படித்தேன். இரண்டாம் தாளிலும் அதையே படித்தேன்.

"அதை அழிச்சிரு."

"ரப்பர் வச்சுக்கக் கூடாது மாமா. பேனால எழுதினது."

"அப்பக் கிழிச்சிரு."

"பத்துப் பேரோட தாள். நம்பர் போட்டிருக்கு. ஒண்ணு கொறைஞ்சா கேப்பாங்க."

"அப்ப அடி. மூணையும் அடிச்சு பூஜ்யம் போடு. ரெண்டு தாள்லயும்."

அடித்தேன். அவர் பேனாவின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன் மாமா."

"தெரியலைல?"

"தெரியல மாமா."

அவர் தாளை வாங்கி விளக்குப் பக்கம் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "ஒங்கம்மா ஒன்னய நம்பித்தான் எங்கிட்ட விட்டிருக்கா. ஒன்னய நானும் நம்பித்தான் வச்சிருக்கேன்" என்றார். குரல் எப்போதும் போல இருந்தது.

ஒரே ஒரு கோடுதான் போட்டிருக்கிறேன். அடியில் 3 தெரிகிறது.

ஜனவரி 24, சனி

மாமா கறுப்பு நூல் வாங்கி வந்திருக்கிறார். ஊசியில் கோத்துத் தரச் சொன்னார்.

நூலை எச்சில் தொட்டு நுனியைக் கூராக்கி ஊசிக்கு வெளியே குத்தினேன். மறுபடி. மறுபடி. ஏழு தடவை. "நூல் பிரியுது மாமா, போக மாட்டேங்குது" என்றேன். அவர் ஊசியை வாங்கித் தானே முயன்றார். விரலில் குத்திக்கொண்டார். "சரி விடு. நாளைக்குக் கண்ணாடி வந்துரும்" என்றார்.

அவர் தூங்கிய பிறகு ஃபைலை எடுத்தேன். அடித்தால் காரணம் எழுத வேண்டும். இரண்டு தாளிலும் அந்த இடம் காலியாக இருந்தது. காலியாக விடக் கூடாது.

எழுதியது இது: "காரணம்: மாமா அடிக்கச் சொன்னார். முதலில் எழுதிய 3 சரி. அவை ஜனவரி 4, 11 இரண்டு நாளும் அங்கே இருந்தன. அப்போது வாத்துக்காரர்கள் வரவில்லை. கண் தைத்த பச்சை நூல் என் பள்ளிப் பாவாடைக்கு வாங்கியது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான். 3ஆம் தேதி ஒரு முறை, 9ஆம் தேதி ஒரு முறை. எதற்கு என்று கேட்கவில்லை."

கட்டத்துக்குள் இடம் போதவில்லை. பின்பக்கம் வரை போனது. கீழே கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது கையெழுத்து ஜன்னத்துடையது வேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்றைய எண்ணிக்கையை முதலில் எழுதிவிடுகிறேன். நாமக்கோழி 144. முக்குளிப்பான் 29. புள்ளிமூக்கு வாத்து 4. நெடுங்கால் உள்ளான் 33. சங்குவளை நாரை 0. மடையான் 2. இரண்டும் பறந்தன. மூன்றாம் இடத்தில் எதுவும் இல்லை. பூஜ்யம் போட்டோம்.

தாளை ஜன்னத்திடம் கொடுத்தேன். அவள் எப்போதும் வாய் அசைத்துப் படிப்பாள். பாதியில் வாய் நின்றுவிட்டது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"வேற மடையான்னு சொன்ன."

"ஆமா."

"எங்கிட்டயேவாடி?"

அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்து இரண்டு தடவை விழவில்லை. "தண்ணில போட்ட பேனா, சனியன், எழுத மாட்டேங்குது" என்றாள். பேனா எழுதத்தான் செய்தது. மூன்றாவது தடவை போட்டாள்.

ரெஜினா அக்கா கரையில் நின்றபடியே படித்தார். படித்துவிட்டுத் தாள்களை மடிக்காமல் ஃபைலில் வைத்து, ஃபைலைப் பையில் வைத்து, பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டார். "நான் நேரா வனத்துறை ஆபீசுக்குப் போறேன். நீ இன்னைக்கு வீட்டுக்குப் போகாத. ஜன்னத் வீட்ல இரு" என்றார். என் அம்மாவின் நம்பரை வாங்கிப் பேசினார். அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. முதலில் "எங்கண்ணனா?" என்றார். பிறகு, "நான் ஷிப்டு விட்டதும் ராத்திரி பஸ் ஏறுறேன், எம்பிள்ளைகிட்டச் சொல்லுங்க" என்றார். திருப்பூரிலிருந்து இங்கே வர விடிந்துவிடும்.

நேராக ஜன்னத் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் இந்த நோட்டு மூட்டைக்குக் கீழே இருந்தது. மாமா சிவகங்கைக்குக் கண்ணாடி வாங்கப் போயிருந்தார், மத்தியானம்தான் வருவார் என்று நினைத்தேன். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஜன்னத்திடம் சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு வெளியே போக முடியவில்லை. ஜன்னத் மூன்று மணிக்கு வந்து கூப்பிட்டாள். "நாளைக்கு வரும்மா, அவளுக்கு வேலை இருக்கு" என்று மாமாவே சொல்லி அனுப்பினார். ஜன்னத் தெரு முனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மாமா சாயங்காலம் முழுக்கப் படித்தார். காலண்டரின் ராகுகாலம். பிஸ்கட் உறை. கேஸ் புத்தகம். உரச் சாக்கில் இருந்த எழுத்து. ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். அத்தையைப் பார்த்து, "ஒனக்கு இம்புட்டு நரை இருக்கா?" என்றார். கறுப்பு நூலைத் தானே கோத்தார். முதல் தடவையிலேயே போய்விட்டது. ஊசியைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அந்தத் தாள் எங்கத்தா?"

"குடுத்துட்டேன் மாமா. இன்னைக்குக் கடைசி நாள்."

"குடுத்துட்டியா." கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் பெரிதாகத் தெரிந்தது. "வேற எதுலயும் எழுதி வச்சிருக்கியா?"

"இல்ல மாமா."

ஏழு மணிக்கு அஞ்சலை அக்காவின் கொட்டகைப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது. பிறகு வாத்துகள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அந்த ஆள் வந்துட்டான் போல" என்றார். மாமா எழுந்து போய் வாசலில் நின்றார். ஜீப் இங்கே வரவில்லை, திரும்பிப் போய்விட்டது. காலையில் வருமாக இருக்கும். மாமா உள்ளே வந்து கதவைச் சாத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அத்தை சோறு போட்டார். என் தட்டைக் கொடுக்கும்போது அத்தை என் கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன்.

இப்போது மணி பதினொன்று இருக்கும். டார்ச்சைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். அம்மா பஸ்ஸில் இருப்பார். விடிய ஆறு மணி நேரம். நோட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூட்டைக்குக் கீழே வைத்தால் எடுத்துவிடுவார். ஜன்னல் வழியாகச் சாணக் குழிப் பக்கம் போட்டால் காலையில் ஜன்னத்

கட்டில் சத்தம். எழுந்துவிட்டார்.

நடக்கிறார். அடுப்படி இல்லை. இந்தப் பக்கம்.

மாமா எப்போதும் தட்ட மாட்டார், கூப்பிடுவார். இன்று தட்டுகிறார். ஒன்று. இரண்டு. மூன்று.

"மீனா, வெளிச்சம் தெரியுதுத்தா. கதவத் தொற. நீ படிச்சுக் காட்ட வேணாம், இனிமே நானே